வெளிநாட்டில் ஆங்கிலம் படிப்பித்துவிட்டு வன்னிக்குத் திரும்புகிறீர்களா? அடுத்தது என்ன என்று தீர்மானிக்க ஒரு வழிகாட்டி

மாலைதீவு, தாய்லாந்து, வியட்நாம் என்று ஆங்கிலம் படிப்பிக்கப் போன எங்கட பக்கத்துப் பிள்ளைகள் கனபேர். ஒப்பந்தம் முடியும் வருடத்தில் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: ஊருக்குப் போய் என்ன செய்வது, அல்லது இன்னொரு தடவை கையெழுத்துப் போடுவதா? நான் மாலைதீவில் ஒரு தீவுப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டுக் கிளிநொச்சிக்குத் திரும்பினேன். அதன்பிறகு வவுனியா, யாழ்ப்பாணம், கொழும்பு என்று கடதாசிக்காக அலைந்து தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "எனக்கு என்ன பிடிக்கும்" என்று யோசிக்க நேரம் இருக்கிறது. எந்த வழிக்கு எப்போது கதவு அடைபடும் என்பதுதான் அவசரம். வயதெல்லை, பரீட்சைப் பெறுபேறு செல்லுபடியாகும் காலம், விடுமுறை முடியும் நாள் என்று எல்லாவற்றுக்கும் ஒரு திகதி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு விருப்பத்துக்கு வாருங்கள்.

1. அங்கிருந்து வெளிக்கிட முன் எடுக்கவேண்டிய கடதாசிகள்

ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே இதைத் தொடங்குங்கள். அங்கே அலுவலக அறைக்கு நடந்துபோய் ஒரு பின்னேரத்தில் முடிக்கக்கூடிய வேலை, இங்கே வந்தபிறகு மின்னஞ்சலில் மாதக்கணக்கில் இழுபடும். அதிபர் மாறிவிடுவார், எழுதுவினைஞர் மாறிவிடுவார், உங்களைத் தெரிந்தவர் யாரும் அங்கே இருக்கமாட்டார்.

சேவைக் கடிதம்தான் முக்கியம். பள்ளிக்கூடங்கள் வழமையாகத் தருவது "இவர் நல்லவர், கடின உழைப்பாளி" என்ற நாலு வரிக் கடிதம். எனக்கும் முதலில் அப்படி ஒன்றைத்தான் தந்தார்கள், திகதிகூட இல்லை. அது எங்குமே உதவாது. கடிதத்தில் இருக்கவேண்டியவை: கடவுச்சீட்டில் உள்ளபடி உங்கள் முழுப் பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும், வேலை தொடங்கிய நாளும் முடிந்த நாளும், முழுநேரமா பகுதிநேரமா, வாரத்துக்கு எத்தனை பாடவேளை, எந்த வகுப்புகள், எந்தப் பாடத்திட்டம் (கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் படிப்பித்திருந்தால் அதைப் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள், அதற்குத் தனி மதிப்பு இருக்கிறது), கடிதத் தலைப்பு, முத்திரை, கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, அலுவலக மின்னஞ்சல். நீங்களே ஒரு வரைவு எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தால் பெரும்பாலும் அப்படியே தட்டச்சு செய்து தருவார்கள். இரண்டு மூலப்பிரதி வாங்குங்கள்.

அடுத்தது அந்த நாட்டுப் பொலிஸ் அறிக்கை. இப்போது தேவையில்லை என்று தோன்றும். ஆனால் பிறகு கனடாவுக்கு விண்ணப்பித்தால், தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் கேட்பார்கள். அவுஸ்திரேலியா கடந்த பத்து வருடத்தில் மொத்தம் 12 மாதம் இருந்த நாடுகளுக்குக் கேட்கும். பழைய அறிக்கையைச் சில இடங்களில் ஏற்கமாட்டார்கள் என்றாலும், அந்த இலக்கமும் பிரதியும் இருந்தால் திரும்ப எடுப்பது சுகம்.

ஒப்பந்தப் பிரதிகள், புதுப்பித்த கடிதங்கள், சம்பளச் சிட்டைகள், வேலை விசாப் பக்கம், வங்கிக் கூற்று எல்லாவற்றையும் ஸ்கான் பண்ணி உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். பள்ளிக்கூடம் தந்த மின்னஞ்சல் கணக்கு நீங்கள் விமானம் ஏறிய கிழமையே மூடப்படலாம். நீங்கள் எழுதிய பாடத்திட்டக் குறிப்புகளையும் பயிற்சித் தாள்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் வகுப்புத் தொடங்கினால் அதுதான் மூலதனம். பிள்ளைகளின் படங்களையும் அவர்களுடைய புள்ளிகளையும் மட்டும் கொண்டுவராதீர்கள்.

2. திகதிகளை ஒரு தாளில் எழுதுங்கள்

கொப்பியில் ஒரு பக்கம் போதும். கடவுச்சீட்டு முடியும் நாள் எழுதுங்கள். அநேகமான நாடுகள் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்கவேண்டும் என்று கேட்கும், புதுப்பிக்க வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையின் பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். உங்கள் வயதையும், அடுத்த பிறந்தநாளையும் எழுதுங்கள். அரச ஆசிரியர் ஆட்சேர்ப்பில் விண்ணப்ப முடிவுத் திகதியில் என்ன வயது என்றுதான் பார்ப்பார்கள், ஒரு நாள் கூடினாலும் கூடியதுதான்.

அரச ஆசிரியராக இருந்துகொண்டு சம்பளமில்லா விடுமுறையில் போனவர்கள் கவனமாக வாசியுங்கள். 2022 நெருக்கடி நேரத்தில் அரச ஊழியர்களுக்கு வெளிநாட்டு வேலைக்கு ஐந்து வருடம் வரை சம்பளமில்லா விடுமுறை கொடுத்தார்கள். அப்போது போனவர்களுக்கு 2027 இலிருந்து அது முடிகிறது. விடுமுறை முடியும் நாளில் கடமைக்குத் திரும்பாவிட்டால் பதவியைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். பிறகு மேன்முறையீடு அது இது என்று வருடங்கள் போகும். உங்கள் விடுமுறை அனுமதிக் கடிதத்தை எடுத்து நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வாசியுங்கள், வலயக் கல்வி அலுவலகத்துக்கு இரண்டு மாதம் முன்னரே எழுத்தில் அறிவியுங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது. அனுப்பிய கடிதத்தின் பிரதியில் "கிடைத்தது" என்று முத்திரை குத்தி வாங்குங்கள்.

3. காசு: ஆறு மாதத்தை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பற்றிக் கதையுங்கள்

திரும்பி வந்த முதல் மாதத்தில்தான் காசு ஓடும். கூரை, கிணறு, தங்கச்சியின் கலியாணம், மாமாவின் உழவு இயந்திரத் தவணை. ஒன்றும் பொய்யான தேவை இல்லை, வன்னியில் எந்த வீட்டிலும் ஒன்றிரண்டு வேலை அரைகுறையாகத்தான் நிற்கும். ஆனாலும் வீட்டுச் செலவுக்கு ஆறு மாதக் காசையும், அலைச்சலுக்கும் கட்டணங்களுக்கும் இன்னொரு தொகையையும் எடுத்துத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு அதன் பிறகு மற்றதைப் பிரித்துக்கொடுங்கள். கையில் ஒன்றும் இல்லாதபோது வருகிற முதல் வேலையைத்தான் பிடிக்கவேண்டிவரும், அது சரியான வேலையாக இருப்பது அபூர்வம்.

மாலைதீவில் இருப்பவர்களுக்கு: சம்பளம் ருஃபியாவில் வரும். வங்கி விலை ஒரு டொலருக்கு ஏறக்குறைய 15.42 ருஃபியா, ஆனால் அந்த விலைக்கு வேண்டிய அளவு டொலர் வங்கியில் கிடைப்பது கடினம், வெளியில் வாங்கினால் கூடுதலாகக் கொடுக்கவேண்டும். அதனால் கடைசி மாதத்தில் மொத்தமாக மாற்றலாம் என்று இருக்காமல் மாதாமாதம் அனுப்புங்கள். இங்கே வங்கியில் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்று திறந்தால் டொலராகவே வைத்திருக்கலாம்.

உண்டியலில், அதாவது வங்கியைத் தவிர்த்துக் காசு அனுப்பித் தரும் ஆட்கள் மூலம், அனுப்பாதீர்கள். இரண்டு ரூபா கூடத் தருவான் என்பது உண்மைதான். ஆனால் நாளைக்கு விசாவுக்கோ கடனுக்கோ "இந்தக் காசு எங்கே இருந்து வந்தது" என்று கேட்டால் காட்ட ஒரு துண்டு கடதாசியும் இருக்காது. நீங்கள் வியர்வை சிந்தி உழைத்த காசு கணக்கில்லாத காசாக நிற்கும்.

4. அரச பாடசாலை ஆசிரியராகச் சேர்வது

வன்னியில் ஆங்கில ஆசிரியருக்குத் தட்டுப்பாடு. துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் உள்ள சின்னப் பள்ளிக்கூடங்களில் இதை நேரே பார்க்கலாம். ஆகவே "போனால் உடனே எடுப்பார்கள்" என்று நினைப்பது இயல்பு. நடைமுறை அப்படி இல்லை. பட்டதாரிகளுக்கு வர்த்தமானி அறிவித்தலோ மாகாண அறிவித்தலோ வரவேண்டும், பிறகு போட்டிப் பரீட்சை, நேர்முகம், நியமனம். அறிவித்தல் எப்போது வரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும், அன்றைக்கே இணையத்தில் பாருங்கள். வட மாகாண சபையின் இணையத்தளத்தையும் சேர்த்துப் பாருங்கள், ஏனென்றால் மாகாணப் பாடசாலைகளுக்கு ஆள் எடுப்பது மாகாணம்.

மூன்று விடயத்தில் ஆட்கள் மாட்டுப்படுகிறார்கள். வெளிநாட்டில் ஒப்பந்தத்தில் படிப்பித்த அனுபவம் உங்களை மேல் தரத்தில் இருத்தாது, ஆரம்பத் தரத்தில் ஆரம்பச் சம்பளம்தான். அதை மனதில் வைத்துக் கணக்குப் பாருங்கள், ஓய்வூதியம் உள்ள வேலை என்பதையும் மறக்காமல். இரண்டாவது, வெளிநாட்டில் இருந்தபோது இணையவழியில் ஏதாவது பட்டம் எடுத்திருந்தால் அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று விண்ணப்பிக்க முன் எழுதிக் கேளுங்கள்.

மூன்றாவது தொண்டர் ஆசிரியர், அதாவது நியமனம் இல்லாமல் படிப்பிப்பவர், விடயம். "இப்ப தொண்டராக வாங்கோ, பிறகு நிரந்தரமாக்குவினம்" என்று அன்பாகத்தான் கூப்பிடுவார்கள், பிள்ளைகளைப் பார்த்தால் மறுக்கவும் மனம் வராது. வடக்கில் இப்படி வருடக்கணக்கில் படிப்பித்துவிட்டு நியமனத்துக்காகப் போராட்டம் நடத்தியவர்கள் இருக்கிறார்கள். போவதென்றால் ஒரு தவணைக்கு என்று அதிபரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள், வரவுப் பதிவேட்டில் பெயர் இருக்கட்டும், முடியும்போது கடிதம் வாங்குங்கள்.

உயர்தரத்தோடு போய்ப் படிப்பித்தவர்களுக்கு, வயது இடங்கொடுத்தால், தேசிய கல்வியியற் கல்லூரி நல்ல வழி. வவுனியாவில் ஒன்று இருக்கிறது, யாழ்ப்பாணத்தவர்களுக்குக் கோப்பாயில். மூன்று வருடம், அதில் கடைசி வருடம் பாடசாலையில் பயிற்சி. எந்த வருட உயர்தரம் என்ற நிபந்தனை ஒவ்வொரு அறிவித்தலிலும் இருக்கும், பட்டியலில் முதலில் அதைப் பாருங்கள்.

5. பல்கலைக்கழகம், பயிற்சி நிறுவனம், திட்ட வேலைகள்

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம், கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள், அதற்குப் பக்கத்திலேயே இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம். எல்லா இடத்திலும் மாணவர்களுக்கு ஆங்கிலம் தேவை. நிரந்தர ஆங்கிலப் போதனாசிரியர் பதவிக்குப் பட்டமும் கூடுதல் தகைமையும் கேட்பார்கள், ஆனால் தற்காலிகமாகவோ மணித்தியாலக் கணக்கிலோ எடுப்பதும் உண்டு. கல்வியாண்டு தொடங்க முன் சி.வி.யோடு நேரில் போய் ஆங்கிலப் பிரிவில் கதையுங்கள். மணித்தியாலக் கொடுப்பனவு தாமதித்து வரும் என்பதையும் கேட்டு வையுங்கள், சிலவேளை தவணை முடிந்தபிறகுதான்.

அரசசார்பற்ற நிறுவனங்களிலும் கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்களிலும் அறிக்கை எழுத, மொழிபெயர்க்க ஆட்கள் வேண்டும். சம்பளம் பரவாயில்லை, ஆனால் நிதி வரும் காலத்துக்குத்தான் வேலை. அங்கே சேரும்போது ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று கேளுங்கள்: உங்கள் பங்கு 8 வீதம், அவர்கள் பங்கு 12 வீதம், அதோடு அவர்கள் கட்டும் ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம். வெளிநாட்டில் இருந்த வருடங்களுக்கு உங்களுக்கு இது எதுவும் சேரவில்லை.

6. சொந்தமாக வகுப்புத் தொடங்குவது

என் கருத்தில், பொறுமை உள்ளவருக்கு வன்னியில் இதுதான் நல்ல வழி. ஆனால் பெரிதாகத் தொடங்காதீர்கள். கட்டடம் கட்டி, பெயர்ப்பலகை போட்டு, ஏ9 வீதியில் பதாகை கட்டித் தொடங்கிய சில நிலையங்கள் ஒரு வருடத்தில் பூட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தைச் சனிக்கிழமை காலைக்கு மட்டும் வாடகைக்குக் கேளுங்கள். ஒரு வெள்ளைப்பலகை, மூன்று நிறப் பேனை, போட்டோகொப்பிக் காசு, அவ்வளவுதான் முதல். உதாரணத்துக்கு 20 பிள்ளைகள், ஆளுக்கு மாதம் 1,500 ரூபா என்றால் 30,000. அதில் வாடகை, கொப்பி, பெற்றோல் போக என்ன மிஞ்சும் என்று தொடங்க முன்னரே எழுதிப் பாருங்கள். 20 பேரும் ஒழுங்காகக் காசு தருவார்கள் என்று கணக்குப் போடாதீர்கள், 14 பேர் என்று போடுங்கள்.

காலத்தையும் பாருங்கள். கார்த்திகை, மார்கழி மழைக்குக் குளங்கள் வான்பாயும்போது உட்கிராமப் பிள்ளைகள் வரமாட்டார்கள். விதைப்பு நேரத்தில் வீட்டில் காசு இருக்காது. காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற பிறகு, மாசி பங்குனியில், இரண்டு மூன்று மாதக் கட்டணத்தை ஒன்றாகக் கொண்டுவந்து தரும் தகப்பன்மார் இருக்கிறார்கள். விசுவமடுப் பக்கத்தில் ஒரு அப்பா ஈரச் சாரத்தோடு வயலிலிருந்து நேரே வந்து, நாலாக மடித்த தாள்களை என் மேசையில் வைத்து எண்ணித் தந்தார், பிந்தியதற்கு மன்னிப்பும் கேட்டார். இந்த ஆட்களை முதலாம் திகதி கட்டணம் என்று நெருக்கினால் பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். அறுவடைக்குப் பிறகு தரலாம் என்று நீங்களே முதல் நாளில் சொல்லுங்கள்.

என்ன படிப்பிப்பது என்பதும் முக்கியம். ஊரில் ஆங்கில வகுப்பு என்றால் காலங்களைப் பாடமாக்குவது என்று நினைக்கிறார்கள். பதினோராம் வகுப்புப் பிள்ளை நிகழ்காலம் முழுவதையும் ஒப்புவிக்கும், "நேற்று என்ன செய்தாய்" என்று ஆங்கிலத்தில் கேட்டால் தலையைக் குனியும். வெளிநாட்டில் தமிழ் தெரியாத பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தாலேயே ஆங்கிலம் படிப்பித்தவர் நீங்கள். அந்தப் பழக்கம் இங்கே பெரிய சொத்து. அதேநேரம் பெற்றோர் கேட்பது சாதாரணதரப் பெறுபேறு, ஆகவே பாதி நேரம் பரீட்சைக்கு, பாதி நேரம் பேச்சுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பதிவு: கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியலாம். இடத்துக்குப் பிரதேச சபையில் என்ன அனுமதி வேண்டும் என்றும் கேளுங்கள். தொழிற்பயிற்சி என்று சான்றிதழ் கொடுக்க நினைத்தால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியவேண்டும். வங்கிக் கடனை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் முதலில் காணிக் கடதாசியை எடுத்துப் பாருங்கள். எங்கட பக்கத்தில் கனபேரிடம் இருப்பது காணி உறுதி அல்ல, அரச காணிக்கான அனுமதிப்பத்திரம். அதை ஈடாக வைத்துக் கடன் எடுப்பது இலகு அல்ல.

7. வீட்டிலிருந்து இணையத்தில் படிப்பிப்பது

செய்யலாம், கனடா, ஐரோப்பாவில் உள்ள எங்கட ஆட்களின் பிள்ளைகளே வருவார்கள். ஆனால் அவர்களுடைய பின்னேரம் உங்களுக்கு நடுச்சாமம் அல்லது விடிய. இணைப்பு நிற்கும் இடமும் மின்தடைக்கு ஒரு மாற்றும் வேண்டும். காசு எந்த வழியாக வரும் என்பதை முதல் வகுப்புக்கு முன் தீர்மானியுங்கள், நேரே வங்கிக் கணக்குக்கு வருவதுதான் சுத்தம். 2025 ஏப்ரல் 1 முதல் இப்படி வெளிநாட்டு நாணயத்தில் வரும் சேவை வருமானத்துக்கு வரி உண்டு, உச்ச வீதம் 15. வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் விலக்கு இருப்பதால் சிறிதாகச் செய்பவருக்குப் பயமில்லை, வரி இலக்கத்தை மட்டும் எடுத்து வையுங்கள்.

8. திரும்பவும் வெளிநாடு போவதென்றால்

இங்கே ஆறு மாதம் இருந்து பார்த்துவிட்டுப் போவது தோல்வி இல்லை. ஆனால் போகிற தடவை ஒரு படி மேலே போங்கள். இணையத்தில் மலிவாக விற்கும் 120 மணித்தியால ஆங்கிலம் கற்பித்தல் சான்றிதழை நல்ல இடங்கள் பெரிதாக எடுப்பதில்லை. கேம்பிரிட்ஜின் செல்ட்டா போன்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ்களில் உண்மையான வகுப்பில் குறைந்தது ஆறு மணித்தியாலம் படிப்பித்துக் காட்டவேண்டும், அதனால்தான் அதற்கு மதிப்பு. செலவு இலட்சங்களில் வரும், இணையவழியிலும் செய்யலாம். இங்கே இருந்து படிக்க விரும்பினால் திறந்த பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பித்தலில் முதுமாணி இருக்கிறது.

நாட்டைத் தெரிவுசெய்யும்போது உங்கள் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பதைப் பாருங்கள். தென்கொரியாவின் வழமையான ஆங்கில ஆசிரியர் விசா அமெரிக்கா, பிரித்தானியா, கனடா போன்ற ஏழு நாட்டவர்களுக்கானது, எங்களுக்கு விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிப்பதால் பிரயோசனமில்லை. தாய்லாந்திலும் வியட்நாமிலும் எங்களைப் போன்றவர்களுக்கு இடமுண்டு, ஆனால் பட்டமும் ஆங்கிலத் தேர்ச்சிப் பெறுபேறும் கேட்பார்கள்.

சான்றிதழ் உறுதிப்படுத்தலுக்குக் குறைந்தது இரண்டு மாதம் ஒதுக்குங்கள். பட்டச் சான்றிதழ் பல்கலைக்கழகப் பதிவாளரிடம், சாதாரணதர உயர்தரச் சான்றிதழ் பரீட்சைத் திணைக்களத்தில், பிறகு வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில், கடைசியாகப் போகும் நாட்டின் தூதரகத்தில். கொன்சியூலர் வேலைக்குக் கொழும்பு போகத் தேவையில்லை, யாழ்ப்பாணத்தில் மாவட்டச் செயலகத்தில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. 2021 ஆகஸ்டுக்கு முன் வவுனியா வளாகத்தில் பட்டம் பெற்றவர்களின் சான்றிதழ் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கும், ஆகவே பம்பைமடுவுக்குப் போகாமல் நேரே அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் யாழ்ப்பாணத் திருநெல்வேலிக்குப் போங்கள். இடப்பெயர்வில் மூலச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் இதற்கும் முன்னரே தொடங்கவேண்டும், புதுப் பிரதி வந்தபிறகுதான் மற்ற எல்லாம் நகரும். பெயர் எழுத்து பிறப்புச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் பட்டத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒருதரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இலங்கைப் பொலிஸ் அறிக்கைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். இருந்த முகவரிகளைக் காலவரிசையில் கேட்கும், முகாமில் இருந்த காலத்தையும் விடாமல் எழுதுங்கள். இதைக் கடைசியாக எடுங்கள், சில மாதங்களுக்குத்தான் ஏற்பார்கள்.

முகவர் மூலம் போவதென்றால் அவருடைய அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்து உறுதிப்படுத்துங்கள். பறக்க முன் பணியகத்தில் பதியுங்கள், முன்பு பதிந்தது புது ஒப்பந்தத்துக்குப் போதுமென்று இருக்காதீர்கள். "சுற்றுலா விசாவில் வாருங்கள், அங்கே மாற்றலாம்" என்று சொன்னால் அந்த இடத்திலேயே கதையை நிறுத்துங்கள். மூலச் சான்றிதழ்களை யாருடைய கையிலும் கொடுத்துவிட்டு வராதீர்கள், ஸ்கான் பிரதி போதும். காட்டச் சொன்னால் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்.